நீ செய்த ஃபஸ் பெடலைப் பற்றி

மக்கா,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். என் கல்யாண வரவேற்பில் பழைய கூட்டாளிகளோடு ஒரு பாட்டு வாசிக்கப் போகிறேன், டெனிஷ் கப்பலிலிருந்து லீவில் வருகிறான், கிட்டார் கையில் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் வாடகைக்குக் கிடைக்கும், ஃபஸ் பெடல்தான் இல்லை என்றாய். பழைய காலத்து மாடலைப் பார்த்து இப்போது ஆட்கள் செய்து விற்கிறார்கள், அதில் ஒன்றை வாங்குவதா, இல்லை பாகங்களை வரவழைத்து நீயே செய்துகொள்வதா என்று கேட்டாய். "நீ எலக்ட்ரானிக்ஸ் லேபிலே இருந்தவதானே, செல்லு" என்றாய். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் உடனே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ சிரித்துக்கொண்டே தொடர்ந்து சொன்னாய்: "அண்ணைக்கு நான் செஞ்சது ஒப்பேறல்லியே. எனக்க கைக்கு அது வராதும்மா. அதனால வாங்கிரலாம்னு நெனைக்கேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்தும் நீ அந்த நாளை இப்படித்தான் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நீ கட்டப்போகிற ஷெரினும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஃபஸ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், தரையில் கிடக்கும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலி கிழிந்து, தடித்து, ஒரு முரட்டுக் குரலாக வரும். உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. என்னிடம் படித்த முதல் வருடப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சங்கடம் எல்லாம் அந்த இரண்டு டிரான்சிஸ்டரில்தான். பழைய மாடலில் இருப்பது ஜெர்மானியம். பழைய ரேடியோக்களில் இருந்தது. இப்போது பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, சூடு பட்டால் குணம் மாறும். அதற்குப் பிறகு வந்த சிலிக்கான் அப்படியல்ல. வெயிலோ மழையோ அதற்கு ஒரு பொருட்டில்லை, ஆனால் ஒலி வேறு.

நான் இருபத்தேழு வருடம் பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்தவள். ஒலி அலையின் தலை தட்டையானால் எங்கேயோ கோளாறு, கண்டுபிடித்துச் சரி செய் என்று அத்தனை வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீயோ அந்தக் கோளாறை வரவழைப்பதற்கென்றே ஒரு பெட்டி வேண்டும் என்றாய். உனக்குப் பதினேழு வயது. எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை, புரிந்ததுபோல இருந்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியம் இதிலிருந்துதான் வந்தது.

உன் அப்பாவுக்கும் அது புரியவில்லை. ஆனால் அவர் வழி வேறு. சவூதியிலிருந்து லீவுக்கு வந்தபோது உனக்காக ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். நூறு விதமான ஒலி அதற்குள் இருந்தது, அதில் ஃபஸ்ஸும் உண்டு. பெட்டியைப் பிரித்தபோது நீ துள்ளினாய். அப்பாவுக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு. ஆறு மாதம் அதை வைத்து வாசித்தாய். பிறகு ஒருநாள் அப்பா போனில் அழைத்தபோது, டெனிஷ் வீட்டில் வைத்து நீயாக ஒரு பெடல் செய்துகொண்டிருக்கிறாய் என்று நான் உளறிவிட்டேன். அப்பா உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஏன் மக்கா, நான் வாங்கித் தந்தது கேடாயிட்டா?" என்று கேட்டார். "இல்லப்பா, அது நல்லா இருக்கு. இது வேற" என்றாய் நீ. எப்படி வேறு என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு, "அப்பாக்கு சங்கடமாயிட்டோ?" என்று என்னிடம் கேட்டாய். இல்லை என்றேன். ஆகியிருந்தது.

ஜெர்மானியம் எங்கிருந்து கிடைத்தது என்று ஷெரினுக்குத் தெரியாது. டெனிஷின் அப்பா முட்டத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர். ஒருகாலத்தில் வள்ளத்தில் கொண்டுபோன பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று அவர்கள் வீட்டில் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டதற்கு, "அது பாடாது மக்களே, வேணுமானா கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டார். அதன் ஒலி பெருக்கும் பகுதியில் இருந்த இரண்டு டிரான்சிஸ்டரையும் கால் கம்பிகள் ஒடியாமல் கழற்றி எடுத்து, இன்டர்நெட்டில் பார்த்த வரைபடத்தை வைத்து நீ பெடல் செய்தாய். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு லேப் டீச்சர் இருக்கும்போது நீ கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

முட்டத்தில் ஒரு சர்ச் பங்கின் இளைஞர் விழாவில் இசைக்குழுப் போட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல். உனக்கு அதற்கு முந்தைய வாரம் முழுக்கப் பரீட்சை. பெடல் உன் மேசையில் இருந்தது, ஆம்ப்ளிஃபயர் டெனிஷ் வீட்டில். ஆக, மேடை ஏறும்வரை நீ அதை மறுபடி வாசித்துப் பார்க்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை நீ பள்ளிக்கூடம் போன பிறகு, நான் அந்தப் பெடலை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் வைத்துத் திறந்தேன். பற்றவைத்த ஈயம் உருண்டை உருண்டையாக நின்றது. ஒரு வயரின் உறை உருகிச் சுருண்டிருந்தது. என் மாணவர் யாராவது இப்படிக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போட்டிக்கு நடுவர்களில் ஒருவராக எங்கள் பாலிடெக்னிக் சார் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் உன் பெட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பெடலுக்கு சிக்னல் கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தேன். அது வேலை செய்தது மக்கா. நன்றாகவே வேலை செய்தது. சிக்னலைக் கூட்டினால் அலையின் தலை தட்டையானது, குறைத்தால் மெல்ல வட்டமாகித் தெளிந்தது. குறைத்தால் தெளியும் இந்தக் குணத்தைத்தான் நீ நம்பியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. உரத்த பகுதியில் கிட்டாரின் ஒலிக் குமிழை முழுக்கத் திறந்து, மெல்லிய பகுதியில் குமிழைக் குறைத்து மணி அடிப்பதுபோல வாசிப்பது, அதுதான் உன் பாட்டு. நான் அதைப் பெடலின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மேசை விளக்கைப் பக்கத்தில் நகர்த்திச் சூடு காட்டினேன். அளவுகள் நகரத் தொடங்கின. முட்டத்தில் பிற்பகல் மூன்று மணி, பந்தல் இல்லாத மேடை, இரும்புப் பெட்டி. ஒலி அடைத்துப்போகும், பிள்ளை அத்தனை பேர் முன்னால் நிற்பான் என்று நினைத்தேன். இது பொய்யான காரணம் இல்லை. ஆனால் இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். இரண்டு ஜெர்மானியத்தையும் கழற்றினேன். அதே இடத்தில் இரண்டு சிலிக்கான் வைத்தேன், அதற்குத் தக்கபடி ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். எல்லா ஈயத்தையும் உருக்கி எடுத்துப் புதிதாக வைத்தேன், பளபளவென்று. விளக்கைக் காட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. மூடியைத் திருகி, சாயங்காலம் உன் மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தேன். நீ வந்து அதை ஒரு துணியில் சுற்றிப் பையில் போட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் நீ அவசரத்தில் இருந்தாய்.

முட்டத்தில் நான் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் கடல், வெயில் கண்ணைக் குத்தியது. நீங்கள் மூன்றாவதாக வந்தீர்கள். முதல் பகுதியில் உன் கிட்டார் அப்படி அலறியது, முன்னால் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குப் பெருமை. நான் செய்தது பலித்தது என்ற பெருமையும் அதில் இருந்தது. பிறகு மெல்லிய பகுதி வந்தது. நீ குமிழைக் குறைத்தாய். ஒலி தெளியவில்லை. தகரத்தை ஆணியால் கீறுவதுபோலவே நின்றது. இன்னும் குறைத்தாய், கீறல் மெலிந்ததே தவிரப் போகவில்லை. நீ குனிந்து பெடலைப் பார்த்தாய். காலால் மிதித்து நிறுத்தினாய், மறுபடி போட்டாய். டெனிஷ் டிரம்ஸை நிறுத்திவிட்டு, "மக்கா, என்னாச்சு?" என்று கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. நீ வயரைப் பிடுங்கி நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகி மீதியை வாசித்து முடித்தாய். ஆட்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டு நீ நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

தக்கலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாய், பெடல் உன் மடியில். திங்கள்நகர் தாண்டியது. பிறகு, "டெனிஷ் வீட்டில வச்சு எத்தன தடவ வாசிச்சேன். அப்போ சரியா வந்துதே" என்றாய். நான் வாயைத் திறந்தேன். திறந்து நான் சொன்னது என்ன தெரியுமா? "வெயிலு கூடுதல் மக்கா. அந்த மாதிரி டிரான்சிஸ்டருக்கு வெயிலு ஆகாது" என்றேன். பெட்டிக்குள் அந்த மாதிரி டிரான்சிஸ்டரே இல்லை. வெயிலை எதிர்க்க நானே மாற்றிவிட்டு, வெயில் மேலேயே பழி போட்டேன். நீயோ, "அப்போ அதையும் யோசிச்சுல்லா செஞ்சிருக்கணும். எனக்க தப்புதான்" என்றாய்.

அன்றைக்கு நான் செய்ததில் மோசமானது லேபில் செய்தது அல்ல, பஸ்ஸில் செய்தது.

அதற்குப் பிறகு நீ அந்தப் பெடலைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் ஈயத்தைப் பார்த்ததுமே அது யார் கை என்று கண்டுபிடித்திருப்பாய். நீ திறப்பாயோ என்று நான் கொஞ்சநாள் பயந்துகொண்டும் எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தேன். நீ அதை டெனிஷிடம் கொடுத்தாய், அவன் யாருக்கோ கொடுத்தான். உன் இரண்டு ஜெர்மானியத்தையும் நான் லேபில் ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தேன். வருடக் கடைசியில் பழைய சாமான்களை ஒதுக்கியபோது அதோடு போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. அந்த வருடம்தான் நீ காலேஜுக்கு விண்ணப்பம் போட்டாய். எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் கம்ப்யூட்டர் என்று எழுதினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டர்தான் நல்லது என்று எனக்கும் எண்ணம் இருந்தது, கேட்டால் பெடல் கதை வந்துவிடுமோ என்றும் இருந்தது. இன்று பெங்களூரில் உனக்கு நல்ல வேலை, நீ சந்தோஷமாக இருக்கிறாய். அதனால் நான் செய்தது நல்லதாகவே முடிந்தது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீ உன் வேலையை விரும்புவது உன் சாமர்த்தியம், அதில் எனக்குப் பங்கில்லை. உன் பழைய டிரான்சிஸ்டர்கள் அந்த வெயிலில் அடைத்துப்போயிருக்கவும் கூடும். அது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உனக்கு இருந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று பிற்பகல் அப்பாவும் நானும் கல்யாணக் கார்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். அவரிடம் முழுவதையும் சொன்னேன். இத்தனை வருடமும் அவருக்கும் தெரியாது. பேனாவை மூடி வைத்தார். "ஏட்டி, அப்போ அவன் செஞ்சதில கொறை ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பன்னெண்டு வருசமா அவன் தன்னயில்லா குத்தம் சொல்லிட்டுத் திரியான்?" அவர் எழுந்து முற்றத்தில் கொஞ்சநேரம் நடந்துவிட்டு வந்தார். "நான் வாங்கிக் குடுத்தத அவன் ஒதுக்கி வச்சான்னு எனக்கு ஒரு விசனம் உண்டு. ஆனா அவன் செஞ்சத நான் தொடல்ல பாத்தியா" என்றார். பிறகு, "போன்ல செல்லாத. போன்ல நீ வாதாடுவே. எழுதிரு" என்றார். நாற்பது வயது வரை கடிதத்திலேயே குடும்பம் நடத்திய மனிதர், அவருக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். ஷெரின் ஏதாவது ஒன்றைச் செய்வாள், ஒரு குழம்போ, ஒரு கணக்கோ, பிள்ளையிடம் ஒரு பேச்சோ. அது உனக்குத் தப்பாகத் தெரியும். சில நேரம் நிஜமாகவே தப்பாகவும் இருக்கும். அவள் முகத்துக்கு நேரே சொல், சண்டை வந்தால் வரட்டும். அவள் இல்லாத நேரம் பார்த்துத் திருத்தி வைக்காதே. திருத்தியது சரியாக வந்தால் அவளுக்குத் தன் கை எது என்று தெரியாமல் போகும், தப்பாக வந்தால் பழியும் அவள் தலையில் விழும். ஷெரின், இது உனக்கும்தான். போன வாரம் நீ என்னிடம், "மாமி, இவரு ரெண்டு மாசமா பெடல் விக்கிற பேஜையும் பார்ட்ஸ் விக்கிற பேஜையும் தொறந்து வச்சு மாறிமாறிப் பாத்திட்டே இருக்காரு. நானே ஒண்ண ஆர்டர் போட்டுரட்டா?" என்று கேட்டாய். அன்பாகத்தான் கேட்டாய். போடாதே மோளே. அவன் முடிவு பண்ணட்டும்.

இனி நீ கேட்டதற்குப் பதில். வரவேற்புக்கு வாங்கிக்கொள். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, சட்டை தைக்கக் கொடுக்கவே உனக்கு நேரமில்லை. ஜெர்மானியம் என்று சொல்லி, மேலே எழுத்தை அழித்து வேறு எழுத்து அச்சடித்து விற்கிறார்கள். பத்து வாங்கினால் இரண்டு தேறும், அதை அளந்து பார்த்து எடுக்க நாள் பிடிக்கும். அளந்து பார்த்துச் செய்கிற ஆளிடம் வாங்கு. அவரிடம் மூன்று விஷயம் கேள். சூட்டுக்குத் தக்கபடி சரிசெய்ய உள்ளே ஒரு திருகு வைத்திருக்கிறாரா. கிட்டாரின் குமிழைக் குறைத்து வாசித்த ஒலியைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா. மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் போடலாமா, கூடாதா. பழைய மாடலில் பிளஸ் மைனஸ் தலைகீழாக இருக்கும், தெரியாமல் சேர்த்துப் போட்டால் ஷார்ட் ஆகிவிடும், அதனால் பேட்டரியிலேயே ஓட்டு. வரவேற்பு நாலு மணிக்கு, சர்ச் மைதானத்தில். பெடலை நிழலில் வை.

கல்யாணம் முடிந்து, உனக்கு நேரம் வரும்போது, மனது இருந்தால் நீயே ஒரு பெடல் செய். மனது இல்லாவிட்டால் வேண்டாம், அதற்கு வாங்கினதே போதும். ஆனால் கைக்கு வராது என்பதற்காக விடாதே. பதினேழு வயதில் உன் கை செய்ததை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஈயம் அசிங்கமாகத்தான் இருந்தது. பெடல் சரியாக இருந்தது.

இதை நாளை காலை ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன். வாட்சாப்பில் அனுப்பினால் ஆபீஸில் நாலு பேர் நடுவில் இருந்து வாசிப்பாய். வியாழக்கிழமைக்குள் கிடைக்கும். வாசித்ததும் கோபம் வந்தால் கோபத்தோடேயே கூப்பிடு, ஆறட்டும் என்று காத்திருக்காதே. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன், போனில் ஒரு காரணமும் சொல்ல மாட்டேன். நீ பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா